ஆள் இல்லாத நாளின் சைபர்: அரசின் திறந்த தரவைக் கொண்டு மாடல் செய்யப் போனவளின் அனுபவம்

2023 ஜனவரியில் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்குத் திரும்பினேன். மஞ்சள் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள் நான். வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றிய மஞ்சளை இப்போதே விற்பதா, கிடங்கில் வைத்து இரண்டு மாதம் பொறுப்பதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் சண்டையில்தான் போய் முடியும். கைபேசியில் தமிழில் கேட்டால் விலைப் போக்கைக் கணித்துச் சொல்லி, வேளாண் திட்டங்களின் விதிமுறைகளையும் தமிழிலேயே விளக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். விலை, மழை, அரசாணை எல்லாமே அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடக்கின்றன, எடுத்துப் பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். பதினான்கு மாதங்கள் உழைத்தேன். அதில் பதினோரு மாத உழைப்பும், கணினி வாடகையாகக் கொடுத்த 1,46,000 ரூபாயும், தட்டச்சுக்குக் கொடுத்த 88,000 ரூபாயும் பலன் தராமல் போயின. வழியில் எங்கெங்கே பள்ளம் இருக்கிறது என்று அப்போது சொல்ல எனக்கு யாரும் இல்லை. அதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2012-ஆம் ஆண்டிலேயே தேசியத் தரவுப் பகிர்வு, அணுகல் கொள்கை வந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் திறந்த அரசுத் தரவு உரிமம் அறிவிக்கப்பட்டது. அந்த உரிமத்தின்படி தரவை எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றி அமைக்கலாம், வணிகத்துக்கும் கொண்டுபோகலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். இதைப் படித்துவிட்டு அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன். அதே உரிமத்தின் பின்பகுதியை நான் நிதானமாகப் படித்தது ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான். தரவு உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, பிழைகளுக்குத் தருபவர் பொறுப்பல்ல, தொடர்ந்து கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை, தனிநபர் விவரங்களுக்கு இந்த உரிமம் பொருந்தாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. நான் பட்ட ஒவ்வோர் அடியும் அந்த வரிகளில் ஏதோ ஒன்றோடு தொடர்புடையது. எனவே எந்தத் தரவைத் தொடும் முன்பும் உரிமத்தை முழுதாகப் படித்து, எது அனுமதி, எது விலக்கு, எதற்கு உத்தரவாதம் இல்லை என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

முதல் மூன்று வாரங்கள் பதிவிறக்கத்திலேயே போயின. நான் பயன்படுத்திய தளத்தில் ஏபிஐ வழியாக, அதாவது நம் நிரலே தளத்திடம் நேரடியாகக் கேட்டு வாங்கும் முறையில், விலைகளை எடுக்கலாம். சோதனைக்கெனத் தரப்படும் பொதுச் சாவியை (அனுமதிக் குறியீட்டை) வைத்து எழுதிப் பார்த்தேன், விவரங்கள் வந்தன. ஒவ்வோர் அழைப்புக்கும் பத்து வரிசைகள்தான் வருகின்றன என்பதைக் கவனிக்காமல், வந்ததெல்லாம் முழுத் தொகுப்பு என்று எண்ணி இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன். தனிச் சாவி வாங்கிய பிறகு இன்னொன்று தெரிந்தது. அன்றைய விலைக் கோப்பு மறுநாள் அதே பெயரில் புது விலைகளோடு மாற்றி எழுதப்பட்டுவிடும், நேற்றைய விலை அந்த முகவரியில் இருக்காது. பழைய ஆண்டுகளின் விலை வேறோர் இடத்தில், வேறு வடிவில், சில ஆண்டுகளுக்கு எக்செல்லாகவும் சில ஆண்டுகளுக்கு அச்சிட்ட தாளை வருடிய பிடிஎஃப்பாகவும் கிடந்தது. பதிவிறக்கிய எந்தக் கோப்பையும் அதன் மூல நிலையிலேயே, எடுத்த தேதியோடும் முகவரியோடும், யாரும் தொட முடியாத ஒரு கோப்புறையில் பூட்டி வைப்பதும், வரிசைகளின் எண்ணிக்கையைத் தளம் சொல்லும் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுவதும் எனக்கு அப்போதுதான் பழக்கமாயின. முதல் நாளே பழகியிருந்தால், பின்னாளில் எந்தத் திருத்தத்தை நான் செய்தேன், எது மூலத்திலேயே இருந்தது என்று தெரியாமல் பத்து நாட்கள் தவித்திருக்க மாட்டேன்.

மஞ்சளில் விரலி வேறு, கிழங்கு வேறு என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டும் தனித்தனியே ஏலம் போகும், விலையும் வேறு. எனக்குக் கிடைத்த தொகுப்பில் பாதி ஆண்டுகளுக்கு ரகம் என்ற பத்தியில் ‘மற்றவை’ என்று மட்டுமே இருந்தது. விரலி அதிகம் வந்த நாளில் விலை ஏறியதாகவும், கிழங்கு அதிகம் வந்த நாளில் சரிந்ததாகவும் அந்த எண்கள் காட்டின. உண்மையில் சந்தையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வரத்துப் பத்தியின் நிலை இன்னும் மோசம். சில ஆண்டுகளில் டன், சில ஆண்டுகளில் குவிண்டால், இடையில் சில மாதங்களில் மூட்டை. ஒரு டன்னுக்குப் பத்துக் குவிண்டால் என்பதால் வரத்து திடீரெனப் பத்து மடங்கு உயர்ந்ததுபோல ஒரு மேடு வரைபடத்தில் தெரிந்தது. அதை அமோக விளைச்சல் என்று எண்ணி, அதற்கு விளக்கம் தேடிப் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். இன்று எந்த எண் பத்தியைப் பார்த்தாலும் முதலில் அதை ஆண்டுவாரியாகப் பிரித்து, நடு மதிப்பை மட்டும் எடுத்து, காகிதத்தில் ஒரு கோடாக வரைந்து பார்க்கிறேன். பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று வட்டமான எண்ணில் தாவினால் தாவியது அலகுதான் என்று முடிவு செய்கிறேன்; இதுவரை ஒருமுறையும் தவறவில்லை.

இவ்வளவு குறைகளோடும் அந்த ஆண்டு மே மாதம் விலைக் கணிப்பு மாடலை, அதாவது பழைய விலைகளில் பயிற்சி பெற்று வரப்போகும் விலையைச் சொல்லும் நிரலை, செய்து முடித்தேன். சோதனையில் அது சொன்ன விலைக்கும் உண்மை விலைக்கும் இடையே இரண்டு சதவீத வேறுபாடுகூட இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. நாட்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கலைத்துப் போட்டு, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் ஒரு பகுதியைச் சோதனைக்கும் எடுத்திருந்தேன். அதாவது செவ்வாய்க்கிழமை விலையைக் கணிக்கச் சொன்னபோது திங்களின் விலையும் புதனின் விலையும் பயிற்சியிலேயே இருந்தன. இரண்டு பக்கமும் விடை தெரிந்தால் நடுவிலிருப்பதைச் சொல்வது கணிப்பே ஆகாது. காலவரிசைப்படி பிரித்து, 2021 வரை பயிற்சி, அதன் பிறகு வந்தது சோதனை என்று மாற்றியபோது, நேற்றைய விலையே நாளைக்கும் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எவ்வளவு பிழை வருமோ, அதைவிட அதிகப் பிழை வந்தது. போதாக்குறைக்கு அந்த ஆண்டு ஜூலையில் மஞ்சள் விலை பல ஆண்டுகளுக்குப் பிறகு குவிண்டாலுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது, என் மாடல் ஏழாயிரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. காலத்தோடு தொடர்புடைய எந்தத் தரவையும் கலைத்துப் பிரிக்காதீர்கள். எதையும் கற்காத எளிய கணக்கு ஒன்றை முதலில் செய்து வைத்துக்கொண்டு, அதை வெல்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மழையைச் சேர்த்தால் கணிப்பு மேம்படும் என்று நினைத்தேன். ஒரு துறையின் தளத்தில் இருந்த மழைப் பதிவேடுகள் வருடிய படங்களாக இருந்ததால், இரண்டு பெண்களை அமர்த்தி நான்கு மாதங்கள் தட்டச்சு செய்ய வைத்தேன். அதற்குத்தான் அந்த 88,000 ரூபாய். அவர்கள் கருத்தாகத்தான் செய்தார்கள், பிழை என்னுடையது. கட்டம் காலியாக இருந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டபோது, பூஜ்யம் போட்டுவிடுங்கள் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். முடிந்த அட்டவணையை மாடலுக்குக் கொடுத்தபோது ஒரு விந்தை நடந்தது. மழை பெய்வதற்கு முந்தைய நாளே சந்தை வரத்து குறைந்திருந்தது. வானத்தைப் பார்த்து விவசாயிகள் முன்கூட்டியே முடிவெடுக்கிறார்கள் என்று நான் அதற்கு ஒரு பொருளும் கற்பித்துக்கொண்டேன்.

உண்மை வேறு. நம் நாட்டில் மழையை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள். அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை முழுவதும் அளந்த நாளின் தேதியில் ஏறும். திங்கள் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை வரை கொட்டிய மழைக்குப் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமை என்றுதான் தேதி இருக்கும். திங்களன்று வண்டி வராத சந்தையின் கணக்கு திங்களிலேயே இருக்கும். ஆகவே மழையை முன்கூட்டி அறிந்த விவசாயியும் இல்லை, மாடலும் இல்லை. இரண்டு பதிவேடுகளுக்கும் நாள் தொடங்கும் நேரம் வேறு, அவ்வளவுதான். இந்த ஒரு வரியைக் கோப்போடு சேர்த்து எழுதி வைத்திருந்தால் என் ஐந்து வாரம் மிஞ்சியிருக்கும்.

இதை எனக்குச் சொன்னவர், அந்தப் பதிவேடுகளில் ஒரு நிலையத்தினுடையதைப் பல ஆண்டுகள் தன் கையால் எழுதி, ஓய்வு பெற்றுவிட்ட ஒரு பெரியவர். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்தில் அவர் வீடு. திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் மடிக்கணினித் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஓர் ஐப்பசி மாதத்தில் நான்கு நாட்கள் பூஜ்யம், ஐந்தாம் நாள் 112 மில்லிமீட்டர் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். “இது தீபாவளி வாரம் கண்ணு. நான் ஊருக்குப் போயிட்டேனுங்க. குவளையில தண்ணி அளக்க வேற ஆள் இல்ல. திரும்பி வந்து தேங்கினதை மொத்தமா அளந்து எழுதினேன். மழை இல்லாத சைபர் வேற, ஆள் இல்லாத சைபர் வேற கண்ணு” என்றார். பிறகு உள்ளே போய், பழைய கணக்குகளோடு அவர் தன் ஆசைக்கு எடுத்து வைத்திருந்த ஒரு நகல் நோட்டைக் கொண்டுவந்தார். அந்த நான்கு நாட்களிலும் பேனாவால் ஒரு சிறு கோடு, அதன் ஓரத்தில் பென்சிலால் ‘வெ’ என்ற எழுத்து. வெளியூர் என்பதன் சுருக்கமாம். கணினியில் ஏற்றியபோது திரையிலிருந்த கட்டம் எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை, காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கும் போகவில்லை, அதனால் கோடெல்லாம் பூஜ்யம் ஆயிற்று என்று அவர் விளக்கினார். தட்டச்சு செய்த பெண்களிடம் நான் சொன்னதும் அதேதான் என்பது நினைவுக்கு வர, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தத் திண்ணையில் இரண்டு மணி நேரத்தில் கற்றதை ஆறு மாத நிரல் எழுத்து எனக்குக் கற்றுத் தரவில்லை. வானிலைக் கணக்கில் ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அது மழை நாள். ஐந்து நாள் மழை ஒரே நாளில் ஏறிவிட்டால் மொத்த அளவு சரியாக இருந்தாலும் மழை நாட்களின் எண்ணிக்கை கெட்டுவிடும். வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயப்போடுகிறவனுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம். தரவுத் தொகுப்பு ஒன்றைக் கையில் எடுத்தவுடன், நிரல் எழுதும் முன், அந்தக் கட்டத்தில் எண்ணை எழுதிய ஆளைத் தேடிப் போங்கள். அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம். பெரும்பாலும் அலுவலகத்தில் யாருக்காவது அவர் வீடு தெரியும். எந்த நேரத்தில் அளப்பீர்கள், விடுமுறையில் யார் அளப்பார், தவறு நேர்ந்தால் அடித்து எழுதுவீர்களா, எழுதாமல் விட்டால் என்ன குறி போடுவீர்கள் என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். நான் கேட்ட ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இத்தனை ஆண்டு எழுதியதை யாரோ படிக்கிறார்கள் என்று அறிந்தவுடன் அவர்களுக்கு வரும் மகிழ்ச்சியைப் பார்த்தால் நமக்கே ஒரு தெம்பு வரும்.

ஊர்ப்பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரோடு மாவட்டம் 1979-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தபோது அதன் பெயர் பெரியார் மாவட்டம். 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரமும் காங்கேயமும் ஈரோட்டிலிருந்து போயின. இதை மறந்து ‘ஈரோடு’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டே போனால், 2009-க்குப் பிறகு சாகுபடிப் பரப்பு சரிந்ததுபோலவும் சராசரி மழை மாறியதுபோலவும் தோன்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள், இன்று 38. ஆங்கில எழுத்துக்கூட்டலோ கோப்புக்குக் கோப்பு மாறும்; 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் ஆணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைக்காதீர்கள். ஒன்றிய அரசின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வோர் ஊருக்கும் எண் உண்டு, அதை வைத்து இணையுங்கள். முடிந்தால் மாவட்டத்தை விட்டுவிட்டு வட்டம், நிலையம், சந்தை என்ற அளவிலேயே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகப் பணம் போனது தமிழ் உரையில்தான். திட்ட விதிமுறைகள், அரசாணைகள், கையேடுகள் என ஏறத்தாழ நான்காயிரம் பிடிஎஃப் கோப்புகளைச் சேர்த்து, அவற்றிலிருந்து உரையைப் பிரித்தெடுத்து, ஏற்கெனவே இருந்த ஒரு மொழி மாடலுக்கு (உரையைப் படித்துப் பழகி, கேள்விக்குப் பதில் எழுதும் மாடலுக்கு) மேற்பயிற்சி கொடுத்தேன். அதற்காக வாடகைக்கு எடுத்த ஜிபியூக்கள் என்ற வேகமான கணினிச் சில்லுகளுக்குப் போனதுதான் 1,46,000 ரூபாய். ஒன்பது வாரங்கள் கழித்து அது பேசத் தொடங்கியபோது, சில பதில்கள் நல்ல தமிழாகவும், சில பதில்களில் ஒற்றைக் கொம்புகள் எழுத்தை விட்டுப் பிரிந்து முன்னால் நிற்பவையாகவும், சில பதில்கள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த சிதறலாகவும் இருந்தன. மாடல் கெட்டுப்போகவில்லை, நான் கொடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுத்தது.

தமிழில் தட்டச்சு செய்து வந்தவர்களுக்கு இதன் காரணம் புதிதல்ல. பாமினி, வானவில் என்று எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் (எந்த எழுத்துக்குக் கணினிக்குள் எந்த எண் என்ற ஏற்பாடு) வேறாக இருந்த காலத்தில் உருவான கோப்புகள் அவை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது. 2010-இல்தான் எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடையும், அது இயலாத இடத்தில் தமிழுக்கென அமைந்த டேஸ்-16-ஐயும் பயன்படுத்த வேண்டும் என்ற ஆணை வந்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் பழகிய கைகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. திரையில் பார்த்தால் அழகான தமிழ். உரையை நகலெடுத்து ஒட்டினால் குப்பை. யூனிகோடில் செய்த பிடிஎஃப்பும் தப்புவதில்லை. திரையில் தெரியும் வரிசைப்படி எழுத்துகள் பிரிந்து வருவதால் ‘மெ’ என்பதில் கொம்பு முன்னாலும் மகரம் பின்னாலும் வந்து நிற்கும். ‘பொருள்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். இப்படிப் பலவாறு எழுதியதை ஒரே வடிவாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் இது சரியாகும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டுத் தட்டச்சு செய்திருந்தால் எந்த இயல்பாக்கமும் சரிசெய்யாது, நாமேதான் தேடித் திருத்த வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான ஆவணங்களில் லை, னை, றா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருப்பதால், அவற்றை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) வேறு ஏதேதோ எழுத்தாகப் படித்துவிடுகிறது.

இப்போது நான் செய்யும் சோதனை மிக எளியது. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் எடுத்த உரையில் அதிகம் வரும் நூறு சொற்களைப் பட்டியலிடுவேன். ‘மற்றும்’, ‘அரசு’, ‘ஆணை’ ஆகிய சொற்கள் அதில் இல்லை என்றால் அந்தக் கோப்பு பயிற்சிக்குப் போகாது. ‘மற்றும்’ இல்லாத தமிழ் அரசாணையை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு மதிய நேரம் போதும், வாடகைக் கணினி வேண்டியதில்லை. என் நான்காயிரம் கோப்புகளில் இதில் தேறியவை ஆயிரத்து நூறுதான். மற்றவற்றில் எழுத்துரு இன்னது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றை மாற்றியும், முடியாதவற்றைப் படமாக்கி ஓசிஆர் செய்தும் மீட்டேன். அப்படி மீட்டதிலும் ஒரு பேராபத்து இருந்தது. குறு விவசாயி என்பதற்கான வரம்பு 2.5 ஏக்கர். வருடிய படத்தில் அந்தப் புள்ளி மங்கிப்போயிருந்ததால் ஓசிஆர் அதை 25 என்று படித்துவிட்டது. எங்கள் சித்தியிடம் செயலியைக் கொடுத்துப் பேசிப் பார்க்கச் சொன்னபோது, “இருபத்தஞ்சு ஏக்கர் வச்சிருக்கறவன் எப்படிச் சாமி குறு விவசாயி ஆவான்?” என்று அவர் கேட்டிருக்காவிட்டால், மானியத்துக்கு விண்ணப்பிக்கும் ஆயிரம் பேருக்கு அது தவறாக வழிகாட்டியிருக்கும். ஓசிஆரில் மீட்ட ஆவணங்களில் உள்ள எண்களை மட்டும் தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டு மனிதக் கண்ணால் சரிபாருங்கள். சொற்பிழையைப் படிப்பவர் தாமே திருத்திக்கொள்வார். எண் பிழையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அதே குவியலில் பயனாளிகளின் பட்டியல்களும் இருந்தன. பெயர், தந்தை பெயர், ஊர், கைபேசி எண், சிலவற்றில் வங்கிக் கணக்கின் கடைசி எண்கள். பொதுத் தளத்தில் கிடந்தது என்பதற்காக அதையும் பயிற்சியில் சேர்த்துவிட்டேன். ஒரு நாள் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக மாடல் யாரோ ஒரு பெண்ணின் பெயரையும் எண்ணையும் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. திறந்த தரவு உரிமம் தனிநபர் விவரங்களுக்குப் பொருந்தாது என்று முன்பே சொன்னேன். 2023-இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பெண் தன் எண்ணைக் கொடுத்தது மானியத்துக்காக, என் மாடலுக்காக அல்ல. மாடலுக்குள் போய்விட்டதைத் தேடி எடுத்து அழிக்க முடியாது. அந்த மாடலையே முழுதாக அழித்துவிட்டேன், வாடகைப் பணத்தில் பெரும்பகுதி அன்றே போயிற்று. பத்து இலக்க எண்கள் வரும் கோப்புகளைப் பயிற்சிக்கு முன்பே தனியே ஒதுக்குங்கள்.

தளத்தில் இல்லாத ஆண்டுகளின் விலைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தேன். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். பதில் வந்தது; பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 428 ரூபாய் கட்டி 214 அச்சுப் பக்கங்களை வாங்கிவந்தேன். கணினியில் இருப்பதை அச்சிட்டுத் தந்தார்கள், நான் அதை மறுபடி கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. குறை என் விண்ணப்பத்தில்தான். தகவல் கணினியில் இருந்தால் அதை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையை ஏதோ ஒரு மூலையில் தேட வேண்டியதில்லை, தகவல் அறியும் உரிமை என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே சட்டம் அதைச் சொல்கிறது. அடுத்த விண்ணப்பத்தில் “எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக, குறுந்தட்டில் தரவும், பத்திகளின் பொருளும் அலகும் குறித்த குறிப்பு இருப்பின் அதையும் தரவும்” என்று இரண்டு வரி சேர்த்தேன். குறுந்தட்டு வந்தது. பத்திகளின் பொருளைச் சொல்லும் அரைப் பக்கக் குறிப்பும் வந்தது. அந்த அரைப் பக்கம் கோப்பைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது.

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு இந்தியா ஏஐ இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது; அதன் கீழ் 2025 மார்ச்சில் தரவுத் தொகுப்புகளுக்கென ஏஐகோஷ் என்ற தளமும் தொடங்கப்பட்டது. கோப்புகளை ஓரிடத்தில் சேர்ப்பது நல்ல பணி, அதை மனமார வரவேற்கிறேன். அந்த அரைப் பக்கக் குறிப்பும் கோப்போடு சேர்ந்து பயணிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எந்த அலகு, எந்த மணிக்கு அளந்தது, எந்த நாளில் எல்லை மாறியது, காலிக் கட்டத்துக்கு என்ன பொருள் என்று எழுத ஒரு துறைக்கு ஒரு நாள் ஆகும். அது இல்லாததால் அதே கோப்பை எடுக்கும் ஒவ்வொருவரும் என்னைப்போல் தனித்தனியே மாதக்கணக்கில் தடுமாற வேண்டியிருக்கிறது.

இப்போது என் மழை அட்டவணையில் அளவுப் பத்திக்கு அருகே இன்னொரு பத்தி இருக்கிறது. உண்மையாகவே மழை இல்லாத பூஜ்யத்துக்கு ‘இ’, அளக்காத நாளுக்கு ‘வெ’, சேர்த்து அளந்த நாளுக்கு ‘சே’. பெரியவர் போட்ட எழுத்தை மாற்ற மனம் வரவில்லை. இந்தப் பத்தியைச் சேர்த்து, தேதியைச் சரிசெய்து, விரலி விலை தனியாகக் கிடைத்த ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த சிறிய மாடல், வாடகைக் கணினி எதுவும் இல்லாமல் என் மடிக்கணினியிலேயே ஓடி, நேற்றைய விலையைச் சொல்லும் எளிய கணக்கைச் சற்றே வென்றிருக்கிறது. திருத்திய அட்டவணையையும் குறிப்புகளையும் உரிய துறைக்கே அனுப்பியிருக்கிறேன். பெரியவரின் நகல் நோட்டுகளில் இன்னும் மூன்று மீதமிருக்கின்றன. பென்சில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டதால் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசிக்க, நான் பதிவு செய்துகொண்டு வருகிறேன்.